மூன்று ஊளை

நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் போங்கள். இதைச் சொல்லி எனக்கு ஆகவேண்டியது ஒன்றும் இல்லை. ஆனால் இது நடந்தது. என் வீட்டுச் சமையலறையில், என் கண்ணெதிரே நடந்தது.

நான் எதற்கெடுத்தாலும் பயந்து அலறுகிற ரகம் இல்லை. எங்கள் வீட்டு ரேடியோவை என் கையால் நானே கட்டினேன். எந்தக் கம்பி எங்கே போகிறது, எதைப் பிடுங்கினால் எது நிற்கும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. அதுதான் என் தலைவிதி. ஒன்றும் தெரியாதவளாக இருந்திருந்தால் 'ஏதோ கோளாறு' என்று அன்றைக்கே மறந்திருப்பேன்.

அமெரிக்காவில் வடக்கு டகோட்டா, 1926 பிப்ரவரி. நான் ராக்னா. என் புருஷன் ஹால்வர். எங்களுக்கு எட்டு மாதக் குழந்தை, பெரித். பக்கத்து வீடு என்றால் ஒரு மைல் தள்ளி, டவுன் பாதையில் இருந்த ஆஸ்முண்டின் வீடுதான். அறுபது வயதாகியும் கல்யாணம் செய்துகொள்ளாத மனிதர். டெலிபோன் கம்பி எங்கள் பக்கம் இன்னும் வந்திருக்கவில்லை. ரேடியோ மட்டும் வந்திருந்தது.

வந்தது என்று சொல்லக் கூடாது, செய்தோம். விவசாயப் பத்திரிகையில் படம் போட்டிருந்தார்கள். ஓட்ஸ் டப்பாவின் மேல் செம்புக் கம்பியைச் சுற்றிச் சுருள் செய்தேன். ஓட்ஸ் தீருவதற்குள் டப்பாவைக் கவிழ்த்துவிட்டேன் என்று ஹால்வர் ஒரு மாதம் சொல்லிக் காட்டினான். காசு கொடுத்து வாங்கியது ஹெட்போனும் பேட்டரியும், பிறகு அந்த ஒரே ஒரு வால்வும்தான். உள்ளங்கைக்குள் அடங்கும் கண்ணாடிக் குப்பி. உள்ளே முடி போல ஓர் இழை. பேட்டரியைக் கொடுத்தால் இழை மங்கலாகச் சிவக்கும். வானத்தில் போகிற அலையைப் பிடித்து நம் காதுக்குச் சத்தமாகக் கொடுப்பது அந்தக் குப்பிதான். அது கருகிப்போனால் மிச்சமெல்லாம் வெறும் மரப்பெட்டி.

சத்தத்தைக் கூட்ட ஒரு திருகு உண்டு. அளவோடு திருப்பினால் சிகாகோவில் பாடுகிறவன் பக்கத்து அறைக்கு வந்துவிடுவான். அளவு மீறினால் பெட்டி ஊளையிட ஆரம்பிக்கும். அந்த ஊளை நம் காதோடு நிற்காது. நம் வீட்டு ஏரியல் வழியாக வெளியே போய், சுற்றுவட்டாரத்தில் யார் யார் ரேடியோ கேட்கிறார்களோ அத்தனை பேர் காதையும் குடையும்.

ஆஸ்முண்டுக்கு அளவு என்பதே கிடையாது. தினமும் சாயங்காலம் அவர் திருகைப் பிடித்ததும் நாங்கள் எல்லோரும் ஹெட்போனைக் கழற்றி வைப்போம். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து காபி குடிக்கும்போது அவரை யாரும் விடமாட்டார்கள்.

"உங்க ஓநாய்க்கு நேத்து சோறு போடலையா ஆஸ்முண்ட்?"

"அது பாடுதுய்யா. உங்க காதுதான் சரியில்லை," என்பார் அவர்.

அவருக்கும் பெட்டி கட்டிக் கொடுத்தது நான்தான் என்பதால் திட்டில் பாதி எனக்கு வரும்.

இன்னொரு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். பனிப்புயல் வந்தால், வெளியே போன ஆள் வீடு திரும்பும்வரை வீட்டு மணியை அடிப்பது எங்கள் பக்கத்து வழக்கம். நீட்டிய கை தெரியாத வெள்ளையில் காது ஒன்றுதான் வழி காட்டும். ஆஸ்முண்டின் நிலம் முடிகிற வரைக்கும் வேலி உண்டு. கம்பியைப் பிடித்துக்கொண்டே வந்துவிடலாம். அங்கிருந்து எங்கள் வீடு வரை திறந்த வயல். அந்த இடத்தில் மணிதான் எல்லாம். ஆள் வாசலுக்குள் கால் வைக்கிற வரை மணி நிற்கக் கூடாது.

அந்த பிப்ரவரிக்கு முந்தின குளிர்காலத்தில் ஒரு புயல். விடிய விடிய அடித்தேன். உள்ளங்கைத் தோல் கயிற்றோடு போயிற்று. காலையில் ஹால்வர் சிரித்துக்கொண்டே வந்தான். இரவு முழுக்க ஆஸ்முண்ட் வீட்டில் சீட்டு ஆடியிருக்கிறான். இரண்டு நாள் நான் அவனோடு பேசவில்லை. மூன்றாம் நாள் என் கைக்கு மருந்து தடவிக்கொண்டே அவனாக ஒரு வழி சொன்னான்.

"இனிமே அங்க மாட்டிக்கிட்டேன்னா ஆஸ்முண்ட் பெட்டியில மூணு ஊளை விடறேன். கேட்டதும் மணியை விட்டுட்டு நீ பாட்டுக்குக் காபி குடி."

"கேக்கலைன்னா?"

"கேக்கலைன்னா அடி. நான் வந்துட்டே இருக்கேன்னு அர்த்தம்."

வெயில் அடித்த ஒரு நாளில் சோதித்தும் பார்த்தோம். அவன் அங்கே போய் மூன்று ஊளை விட்டான். நான் என் பெட்டியில் ஒரே ஒரு ஊளை பதில் விட்டேன். கேட்டுவிட்டது என்று அதற்கு அர்த்தம். திரும்பி வந்தவன் முகத்தில் அத்தனை பெருமை, ஏதோ அவனே ரேடியோவைக் கண்டுபிடித்த மாதிரி.

அந்த பிப்ரவரி செவ்வாய்க்கிழமை காலையில் கூரையிலிருந்து பனி உருகிச் சொட்டியது. எங்கள் ஊரில் அப்படிப்பட்ட காலையை நம்பவே கூடாது. மண்ணெண்ணெயும் காபியும் தீர்ந்துவிட்டன என்று ஹால்வர் சறுக்கு வண்டியில் குதிரைகளைப் பூட்டிக்கொண்டு டவுனுக்குக் கிளம்பினான். போகும்போது குழந்தையின் மூக்கைத் திருகிவிட்டுப் போனான். சாயங்காலம் பால் கறக்க வந்துவிடுவதாகச் சொன்னான்.

மதியம் இரண்டு மணிக்கு வடமேற்கு மூலை கறுத்தது. இரண்டரைக்குக் கொட்டகை தெரியவில்லை. வீட்டுக்கும் கொட்டகைக்கும் கட்டியிருந்த கயிற்றைப் பிடித்துக்கொண்டு போய் மாடுகளைப் பார்த்துவிட்டு வந்தேன். அந்தச் சின்ன தூரத்துக்கே மூச்சு நின்றுவிட்டது.

மணிக் கம்பம் சமையலறைக் கதவுக்கு வெளியே இருந்தது. கயிற்றைக் கதவிடுக்கு வழியாக உள்ளே இழுத்து, நிலைப்படியில் நின்று அடிக்க ஆரம்பித்தேன். காற்று எங்கள் வீட்டிலிருந்து டவுன் பக்கமாகத்தான் அடித்தது. சத்தம் போய்ச் சேரும். அது ஒன்றுதான் ஆறுதல். தேடிப் போகலாம் என்றால் குழந்தையை என்ன செய்வது? அடுப்பு அணைந்தால் ஒரு மணி நேரத்தில் அவள் விறைத்துப்போவாள். நான் செய்யக்கூடியது அந்தக் கயிற்றை இழுப்பது மட்டும்தான்.

கொஞ்ச நேரம் அடிப்பேன். ஓடிப்போய் ஹெட்போனைக் காதில் வைத்துப் பார்ப்பேன். மறுபடியும் அடிப்பேன். ஏதோ ஒரு நிலையத்தில் பியானோ வாசித்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பியானோக்காரன் மேல் எனக்கு வந்த ஆத்திரம் இருக்கிறதே... பாவம், அவன் என்ன செய்வான்?

ஐந்து மணி அடித்துச் சற்று நேரம். பியானோவைக் கிழித்துக்கொண்டு அது வந்தது.

ஊளை. ஊளை. ஊளை.

நிறுத்தம். மறுபடியும் மூன்று.

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.  'பாவி மனுஷா, நல்லா இருப்பீங்க' என்று ஆஸ்முண்டை வாய்விட்டு வாழ்த்தினேன். மணிக் கயிற்றை ஆணியில் மாட்டினேன். கதவை இறுக்கிச் சாத்தினேன். டப்பாவின் அடியைச் சுரண்டி, மிச்சமிருந்த காபித் தூளைப் போட்டு அடுப்பில் வைத்தேன்.

பெட்டிக்குத் திரும்பி, திருகை ஒரு முறை அளவுக்கு மேல் திருப்பினேன். ஒரு ஊளை. கேட்டுவிட்டது, நிம்மதியாக இரு.

மூன்று ஊளை வந்தது.

சரி, பதில் அவனுக்குக் கேட்கவில்லை போல. மறுபடியும் ஒன்று விட்டேன்.

மூன்று.

காபியைக் குடித்தேன். குழந்தைக்குப் பால் கொடுத்தேன். அவளைத் தூங்க வைத்தேன். மேஜையில் கிடந்த ஹெட்போனிலிருந்து அது மெல்லியதாக வந்துகொண்டே இருந்தது. மூன்று. நிறுத்தம். மூன்று. சீட்டில் ஜெயித்துவிட்டு என்னைச் சீண்டுகிறான் என்று முதலில் நினைத்தேன். வரட்டும், வைத்துக்கொள்கிறேன் என்றும் நினைத்தேன்.

பிறகுதான் காதில் ஒன்று இடறியது.

ஆஸ்முண்டின் ஊளை எப்போதும் வழுக்கும். கீழே ஆரம்பித்து, மேலே ஏறி, கீச்சென்று உடையும். இது வழுக்கவில்லை. மூன்றும் ஒரே மாதிரி. நேராக. யாருடைய கையும் திருகைத் தொடாத மாதிரி.

ஹெட்போனை எடுத்து மாட்டினேன். நிலையம் மாற்றும் குமிழைத் திருப்பினேன். வெளியிலிருந்து வருகிற ஊளை என்றால், குமிழைத் திருப்பத் திருப்ப அதன் சுருதி மாறும். பிறகு காணாமல் போகும். அப்படித்தான் ஆகவேண்டும்.

பியானோ போய்விட்டது.

ஊளை போகவில்லை.

இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை திருப்பினேன். ஒவ்வொரு இடத்திலும் அதே சுருதி. மூன்று. மூன்று. மூன்று. முன்பைவிட வேகமாக. நடுவில் நிறுத்தமே இல்லாமல்...

ஏரியல் கம்பியைப் பிடுங்கினேன்.

மூன்று.

 பேட்டரிக் கம்பியையும் பிடுங்கினேன். வால்வுக்குள் இழை மங்கியது. அணைந்தது. கறுப்பாயிற்று. என் பெட்டி செத்துவிட்டது. இனி அதில் எதுவும் கேட்க முடியாது. நான் கட்டிய பெட்டி. எனக்குத் தெரியும்.

காதில்...

மூன்று.

ஹெட்போனைக் கழற்றி எறிந்தேன். மேஜைக்குக் கீழே போய் விழுந்தது. அங்கிருந்தும் கேட்டது. குழந்தை விழித்துக்கொண்டாள். அழவில்லை. மேஜைக்குக் கீழே பார்த்தாள்.

சிரித்தாள்.

ஹால்வர் வந்தால் மட்டும் சிரிக்கிற சிரிப்பு.

அப்போது ஊளை மாறியது. தாழ்ந்தது. இழுத்தது. ஒன்று... இரண்டு... மூன்றாவது வர வெகு நேரம் ஆயிற்று.

ஒன்று... இரண்டு...

மூன்றாவது வரவில்லை.

ஒன்று...

என்ன புரிந்தது, எப்படிப் புரிந்தது என்று கேட்காதீர்கள். கதவைத் திறந்தேன். கயிற்றைப் பிடித்தேன். அடித்தேன். கடிகாரத்தில் ஆறரை. அடித்தேன். பனி சமையலறைக்குள் கொட்டியது. அடுப்புக்கு விறகு போடுவதற்கு மட்டும் கையை எடுத்தேன். ஹால்வர், ஹால்வர் என்று கத்திக்கொண்டே அடித்தேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

எப்போதோ ஒரு தடவை விறகுக்காகத் திரும்பியபோது கவனித்தேன்.

மேஜைக்குக் கீழே சத்தம் இல்லை.

விடியும்வரை அடித்தேன்.

காலையில் காற்று நின்றது. வானம் அப்படியொரு நீலம். நேற்று எதுவுமே நடக்காத மாதிரி இருந்தது. வயலின் அந்தக் கோடியில் ஆஸ்முண்ட் பனிச்சறுக்குக் கட்டையில் வந்துகொண்டிருந்தார். தனியாக. பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டே நின்றேன். யாரும் வரவில்லை.

"ராத்திரி பூரா மணிச் சத்தம் கேட்டுது. ஹால்வர் வந்துட்டானா?" என்றார்.

"உங்க வீட்டுலதானே இருக்கான்?"

இல்லை என்று தலையாட்டினார். முந்தின நாள் காலை டவுனுக்குப் போகும்போது வாசலில் நின்று பேசிவிட்டுப் போனதோடு சரி, திரும்பி வரும்போது பார்க்கவில்லை என்றார். சன்னலில் லாந்தரை ஏற்றி வைத்திருந்தாராம். அந்த வெள்ளையில் வீட்டைத் தாண்டினதே அவனுக்குத் தெரிந்திருக்காது என்றார்.

"மூணு ஊளை வந்துது. நீங்க விட்டீங்க. நான் கேட்டேன்."

"எதை வச்சும்மா விடுவேன்?" அவர் குரல் அடங்கிப்போயிற்று. "என் வால்வு சனிக்கிழமையே கருகிடுச்சு. பெட்டி காலியா கிடக்கு. புதுசு வாங்கிட்டு வரச் சொல்லி நேத்து காலையிலதான் ஹால்வர்கிட்ட கேட்டேன்."

ஹால்வரைக் கண்டுபிடிக்க நேரம் ஆகவில்லை. ஆஸ்முண்டின் வேலி முடிகிற இடத்தைத் தாண்டி, எங்கள் வயலுக்குள் பாதி தூரம் வந்திருந்தான். வேலி இல்லாத இடத்தில் அவ்வளவு தூரம் நேராக வந்திருக்கிறான் என்றால் மணியைக் கேட்டுக்கொண்டுதான் வந்திருக்கிறான். அதற்கு மேல் வரவில்லை. குதிரைகளை அவிழ்த்துவிட்டிருந்தான். அவை வேலி ஓரத்தில் உயிரோடு நின்றன. அவன் உட்கார்ந்திருந்தான். எங்கள் வீட்டைப் பார்த்து இல்லை. கொஞ்சம் தள்ளி, வேறு பக்கம் பார்த்து. தலையை ஒருக்களித்து, ஒரு காதின் மேல் தொப்பியைத் தூக்கிவிட்டிருந்தான்.

சத்தம் எங்கே போயிற்று என்று தேடுகிறவன் உட்கார்ந்திருக்கிற மாதிரி.

உடம்பு விறகுக் கட்டையாக விறைத்திருந்தது. கையை மடக்க முடியவில்லை. ஆஸ்முண்ட் அவன் கோட்டின் பித்தானைக் கழற்றி, நெஞ்சுப் பக்கத்துப் பைக்குள் கையை விட்டார். சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். மறுபடியும் விட்டு, ஓர் அட்டைப்பெட்டியை எடுத்தார். என்னிடம் நீட்டினார்.

நான் கையுறையைக் கழற்றிவிட்டு வாங்கினேன்.

வால்வுப் பெட்டி. பனியில் இரவு முழுக்கக் கிடந்த மனிதனின் பையிலிருந்து எடுத்த பெட்டி. குழந்தையின் பால் புட்டி மாதிரி வெதுவெதுப்பாக இருந்தது.

எங்கள் ஊரில் குளிர்காலத்தில் குழி வெட்ட முடியாது. மண் கல்லாகியிருக்கும். ஏப்ரலில்தான் அவனைப் புதைத்தோம். ஹால்வருக்கு அன்றைக்கு வால்வை விற்ற டவுன் கடைக்காரரும் வந்திருந்தார். என்ன பேசுவது என்று தெரியாமல் நின்றவர், கடைசியில் அந்த வால்வு உதவுகிறதா என்று கேட்டார். பேச்சுக்குக் கேட்கிறார் என்று நினைத்தேன். அவரே சொன்னார்.

"அன்னைக்கு அவரே கடை ரேடியோவுல மாட்டிப் பார்த்தாரும்மா. மூணு தடவை ஊளை விட்டுப் பார்த்தார். அருமையா வந்துது. 'இது போதும், என் பொண்டாட்டிக்குக் கேக்கும்'னு சொல்லிட்டுத்தான் பையில வச்சார்."

 அந்த அட்டைப்பெட்டியை நான் பிப்ரவரியிலேயே திறந்து பார்த்திருந்தேன். கண்ணாடியின் உட்புறம் முழுக்கக் கறுப்பு. வருஷக்கணக்கில் எரிந்த வால்வுக்குத்தான் அப்படிக் கறுக்கும். இழை கருகி, நடுவில் அறுந்து தொங்கியது. கடையை விட்டுக் கிளம்பும்போது நன்றாக இருந்த வால்வு. அதற்குப் பிறகு அது எந்தப் பெட்டியிலும் ஏறவில்லை. எந்தப் பேட்டரியையும் பார்க்கவில்லை.

பெரித் இப்போது பெரியவளாகிவிட்டாள். புயல் வந்தால் நான் மணி அடிக்கிறேன். எல்லோரும் வீட்டுக்குள்தானே இருக்கிறோம், விடும்மா என்கிறாள். நான் விடுவதில்லை.

ஹால்வர் சொல்லி வைத்தபடிதான் அன்றைக்கு நான் செய்தேன். மூன்று ஊளை கேட்டது. மணியை விட்டுவிட்டுக் காபி குடித்தேன்.